இரண்டு ரெராபைற் இல்லம்

கலைப்பீட மாணவனொருவனுக்குக் கோப்பு முறைமை பற்றிய கவலை எதற்கென வினவுவோர் உளர். 2022 மார்ச்சு இறுதியில், நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரத்தை எட்டிய வேளையில், அக்கவலை அவனை வந்தடைந்தது. வடமோடிக் கூத்துப் பற்றிய ஆய்வுக்காக முதிய அண்ணாவியார் ஒருவர் பாடிய தருவொன்றைப் பதிவு செய்திருந்தான். அதனை ஒலிப்பதிவுக் கருவியின் நினைவட்டையிலிருந்து கணினிக்கு நகர்த்தினான், அட்டையைக் கழற்றினான், சில நொடிகளில் மின்சாரம் நின்றது. மீண்டும் வெளிச்சம் வந்தபோது கோப்பின் பெயர் இருந்தது, அளவு பூச்சியம். மறுபடி பாடுவிக்கச் செல்வதற்குள் அண்ணாவியார் காலமாகிவிட்டார்.

பின்னர் இரண்டு ரெராபைற் வன்தட்டொன்றை வாங்கினான். லினக்ஸில் பயனாளரின் உடைமைகள் யாவும் தங்கும் 'ஹோம்' பிரிவுக்கு எம்முறைமையைத் தெரிவது என்னும் வினா அப்போது எழுந்தது. ஆட்கள் குடியேறி நிறைந்த வீட்டின் அத்திவாரத்தை மாற்றுதல் எளிதன்று.

பழியை முதலில் ஈ.எக்ஸ்.ரி. 4இன் மீதே அவன் சுமத்தினான். 2008இல் லினக்ஸில் நிலைபேறு பெற்ற அம்முறைமை, எழுதவேண்டியதைச் சிறிது நேரம் நினைவகத்தில் தேக்கிவைத்த பின்னரே தட்டில் இடம் ஒதுக்கும். ஆயின் எக்ஸ்.எவ்.எஸ்., பி.ரி.ஆர்.எவ்.எஸ். ஆகியனவும் அவ்வாறே செய்வன என அறிந்ததும் சினம் தணிந்தது. செய்யவிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் நாட்குறிப்பு, முறைமையின் ஒழுங்கைக் காக்குமேயன்றித் தட்டை அடையாத குரலைக் காக்காது.

எக்ஸ்.எவ்.எஸ். 1990களில் சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தார் ஆக்கியது, பெருங்கோப்புகளுக்கு உகந்தது. அதில் அமைத்த பிரிவைப் பெருப்பிக்கலாம். சுருக்குவது நடைமுறையில் இயலாது. ஈ.எக்ஸ்.ரி. 4 வழக்கமாக நூற்றுக்கு ஐந்து பங்கை நிருவாகிக்கென ஒதுக்கும். இரண்டு ரெராபைற்றில் அது ஏறத்தாழ 100 கிகாபைற்! 'ஹோம்' பிரிவில் அவ்வொதுக்கீடு வீணே; ஒரு கட்டளையால் அதைக் குறைக்கலாம் என்பது ஆறுதல். வேகம் பற்றிய வாதங்களோ முடிவில்லாதவை. ஆண்டுக்கொருமுறை கேட்கப்படும் கூத்துப் பாட்டுக்கு வேகம் எதற்கு?

இறுதியில், 2009இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட பி.ரி.ஆர்.எவ்.எஸ்.ஸையே தெரிந்தான். தரவின் ஒவ்வொரு துண்டுக்கும் அது சரிபார்ப்புத் தொகையொன்றை எழுதிவைத்து, வாசிக்கும்போது ஒப்புநோக்கும். கெட்டதைக் கெட்டதென்று சொல்லும். பிரதி ஒன்றே இருப்பின் சொல்வதோடு நின்றுவிடும். ஆகவே மாலைவகுப்புக் கற்பித்துச் சேர்த்த பணத்தில் இரண்டாவது தட்டொன்றும் வாங்கினான். மாதமொருமுறை அதிற் பிரதி செய்து சிநேகிதன் வீட்டில் வைக்கிறான். இப்போதெல்லாம் அவன் பதிவுகளை நகர்த்துவதில்லை. பிரதி செய்து, 'சிங்க்' என்னும் கட்டளையிட்டு, எழுதி முடியும்வரை காத்திருந்தே அட்டையைக் கழற்றுகிறான். பூச்சிய அளவுள்ள அந்தக் கோப்பும் இரு தட்டுகளிலும் இருக்கிறது.