என் தமக்கையின் மின்னுலை

எம் ஊர் குன்றத்தூர். திருத்தொண்டர் புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் என்று கூறித் தமிழ் பயில்வார்க்கு அதனை அறிமுகஞ் செய்துவைத்தல் எளிது. முதலாண்டு வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் ஊர் வினவியபொழுது, யானும் அவ்வாறே கூறிச் சிறிது பெருமிதம் எய்தினேன். ஆயினும், மலைமேல் உள்ள முருகன் கோயிற் படிகளில் நின்று மேற்றிசை நோக்குவார்க்குச் சேக்கிழார் காலத்து ஊர் புலப்படுவதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பரப்பு ஒருபால்; திருப்பெரும்புதூரும் ஒரகடமும் வரை பரந்து கிடக்கும் தொழிற்சாலைகள் மற்றொருபால்; விடியலிலும் அந்தியிலும் நள்ளிரவிலும் ஆட்களை ஏற்றியிறக்கும் பேருந்துகள் இடையில். என் தமக்கையும் அப் பேருந்துகளில் ஒன்றில் ஏறிச் செல்பவளே. வண்டி உறுப்புகள் செய்யும் ஓர் ஆலையில், முறைமாற்றி முறைமாற்றி, ஒரு கிழமை பகலிலும் ஒரு கிழமை இரவிலும் அவளுக்கு வேலை. எஞ்சிய பொழுதில் அவள் கண்ணாடிக் கலைஞர். உடன்பிறந்தாளைக் கலைஞர் என்று எழுத என் பேனா சற்றே கூசுகின்றது. உண்மை அதுவாகலின் எழுதுகின்றேன்.

எம் இல்லத்தின் புறக்கடையில், முன்னர் மாட்டுக்கொட்டிலாயிருந்த ஓட்டுச்சாய்ப்பு ஒன்றுண்டு. மூன்றாண்டு ஊதியத்திற் சேர்த்த பொருளைக் கொண்டு அவள் வாங்கிய பழைய மின்னுலை ஒன்று அங்கே இருக்கின்றது. அப்பொருள் நகைக்கென்று அன்னையார் கருதியிருந்தது. உலை வந்திறங்கிய நாளில் தந்தையார் அதனை இருமுறை சுற்றிவந்து பார்த்து, “இதில் ரொட்டியாவது சுடலாமா?” என்று மட்டும் கேட்டார். பின்னர் ஒருநாள், சென்னையில் ஒரு சிறு கூடத்தில் தன் படைப்புகளைக் காட்சிக்கு வைக்க அவளுக்கு இடம் வாய்த்தபொழுது, அவர் ஒரு நிபந்தனை விதித்தார். அக் காட்சியில் மின்கட்டணத்திற்கேனும் பொருள் தேறாவிடின் உலையை விற்றுவிடல் வேண்டும் என்பதே அது. அவள், “சரி, அப்பா” என்றாள். வேறொன்றும் கூறினாளில்லை.

கண்ணாடிக் கலை என்றவுடன், நெடிய இரும்புக் குழலின் நுனியில் உருகிய பிழம்பைத் திரட்டி ஊதும் காட்சியே பலர்க்கும் நினைவில் எழும். அதற்கு அல்லும் பகலும் அவியாது எரியும் உலை வேண்டும். அஃது எம்மனோர்க்கு இயல்வதன்று. என் தமக்கை செய்வது வேறு. கண்ணாடித் தகடுகளை வேண்டிய வடிவில் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, உலையிலிட்டு ஏறத்தாழ 820 பாகை வெம்மையில் ஒன்றாக உருகியொட்டச் செய்தல். தகடுகளோ, கடைவீதியில் அலுமினியக் கதவும் சன்னலும் செய்யும் கடைகளில் எஞ்சி விழும் துண்டுகள். எடைக்கு விலைபேசி, சாக்கில் கட்டி, மிதிவண்டியில் யானே பன்முறை கொணர்ந்திருக்கின்றேன்.

இத் தகட்டின் பிறப்பு வியப்பிற்குரியது. மணலும் சோடாவும் சுண்ணாம்புக்கல்லும் ஏறத்தாழ 1,500 பாகையில் உருகிய குழம்பை, உருகிய வெள்ளீயக் குளத்தின்மீது பரவவிடுகின்றனர். வெள்ளீயம் கனத்தது, கண்ணாடி அதன்மேல் மிதந்து தானே சமனாகி, தேய்த்தலும் மெருகிடலும் வேண்டாது நாடாவாக வெளிப்படுகின்றது. இம்முறையை ஆங்கில நாட்டு அலஸ்டேர் பில்கிங்டன் 1952-இல் கருதத் தொடங்கி, ஏழாண்டு பெருந் தோல்விகளுக்குப் பின்னர் 1959-இல் உலகிற்கு அறிவித்தார். 1665-இல் பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் தோன்றி, பின்னர் வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்திற்கு ஆடி செய்துதந்த பிரெஞ்சு நாட்டுச் செயின்ட் கோபைன் நிறுவனத்தார், இதே முறையில் கண்ணாடி வார்க்கும் ஆலையை 2000-ஆம் ஆண்டில் எமக்கு அண்மையிலேயே, திருப்பெரும்புதூரில் நிறுவினர். வெள்ளீயம் பட்ட முகம் இன்னது, காற்றுப்பட்ட முகம் இன்னது என்று கண்ணுக்குத் தெரியாது. தமக்கை இருளில் ஒரு சிறு புறவூதா விளக்கைப் பிடிப்பாள்; வெள்ளீய முகம் பால்போல் மங்கலாய் ஒளிரும். மாறி வைத்தாலோ, உலையில் அம்முகத்தில் ஒரு மூட்டம் படர்ந்துவிடும். தொடக்கத்தில் அதையறியாது அவள் இழந்த தகடுகள் பல.

வேறோர் இழப்பும் நினைவிலுள்ளது. சன்னற் கண்ணாடிமீது ஃபிரோசாபாத் வளையல் துண்டுகளைப் பரப்பி உருக்கினாள். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய், கண்பறிக்கும் அழகோடு அது வெளிவந்தது. அன்னையார் அதை நடுக்கூடத்து அலமாரியில் வைத்தார். மூன்றாம் நாள் இரவு, எவரும் தொடாதிருக்க, ‘டணார்’ என்ற ஓசை எழுந்தது. விளக்கேற்றிப் பார்த்தால் அது நான்கு துண்டாய்க் கிடந்தது. ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் அளவு வேறு. அளவு ஒவ்வாத இரண்டை உருக்கி ஒட்டினால், ஆறிய பின்னரும் அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டேயிருக்கும். அன்று முதல் அவள் வண்ணத்தை விடுத்தாள். தகட்டின் விளிம்பில் இரும்புச் சத்தினால் தோன்றும் இளம்பச்சை. இடையே வைத்த மெல்லிய செம்புத் தகடு வெம்மையில் தரும் செம்மையும் நீலப்பச்சையும். சமையற்சோடாவைத் தூவினால் எழுந்து சிறைப்படும் காற்றுக் குமிழ்கள். இவை மூன்றே அவளது கருவிகள். ஏரி நீரைக் காட்ட இவை போதும் என்று கண்டுகொண்டாள். செம்பரம்பாக்கம் ஏரியை ஏழு நிலைகளில் காட்டும் ஏழு பலகைகள் செய்வது என்று துணிந்தாள்.

நிற்க. கண்ணாடி நமக்கு அயலார் தந்த புதுமை என்று கருதுவாரும் உளர். புதுச்சேரிக்கருகில் அரிக்கமேட்டில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அவ்விடத்தில், கண்ணாடி மணிகள் எண்ணிறந்தன கிடைத்தன. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிச் செய்யும் அவ்வகைச் சிறு மணிகள் ஆப்பிரிக்கக் கரை முதல் கிழக்காசியா வரை சென்றிருக்கின்றன. தஞ்சை ஓவியர்கள் கண்ணாடியின் பின்புறத்தே எழுதும் முறையும் தமிழ்நாட்டு வீடுகளில் நெடுநாள் வழங்கியது. அதில் கண்ணின் கருமணியையும் அணிகலனின் புள்ளியையும் முதலிலும், முகத்தின் நிறத்தைப் பின்னரும், பின்னணியை இறுதியிலும் இடல் வேண்டும். முதற் கோட்டிற் பிழை நேர்ந்தால் அதன்மேல் எழுதித் திருத்தவியலாது. எம் பாடமாகிய மணிமேகலையில் வரும் பளிக்கறையை யான் தமக்கைக்கு விளக்கியதுண்டு. உள்ளிருப்பார் உருவம் வெளியே தோன்றும்; குரல் வெளியே கேளாது. அவள் கேட்டுவிட்டு, “உலைக்குள் இருப்பதும் அப்படித்தான், தம்பி, தெரியும், ஆனால் ஒன்றும் சொல்லாது” என்றாள்.

இனி என் குற்றத்தைக் கூறுகின்றேன்.

ஏழு பலகைகளில் ஆறாவது, 2015 டிசம்பரில் ஏரி திறக்கப்பட்டு அடையாறு பெருகிய இரவைக் குறித்தது. யான் அப்பொழுது சிறுவன்; அவள் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அண்டைவீட்டு மாடிப்படியேறியது எனக்குக் கனவுபோல் நினைவிருக்கின்றது. ஏனைய பலகைகளில் அவள் வைத்த செம்பு மிகச் சிறிது. இதிலோ நீர் முழுதும் செம்மண் நிறம். இருமாத வேலை. ஒரு மாலை அதை உலையிலிட்டுவிட்டு இரவுமுறைக்குச் சென்றாள். காலையில் மீண்டு, அளவுமானியைப் பார்த்து, “ஐம்பது பாகைக்குக் கீழே இறங்குமட்டும் மூடியைத் தொடாதே, மாலை நான் எழுந்து திறக்கின்றேன்” என்று சொல்லி உறங்கச் சென்றாள். உச்சிவேளையில் என் கல்லூரி நண்பர் ஒருவர் வந்தார். அவருக்கு அதைக் காட்டி வியப்பிக்க வேண்டுமென்னும் ஆசை என்னைப் பற்றியது. மானி 210 காட்டியது. ஒருகணம்தானே என்று மூடியை ஒரு சாண் உயர்த்தினேன். செந்நீர்ப் பெருக்கு உள்ளே அமைதியாய்க் கிடந்தது. நண்பர் ‘ஆ’ என்றார். அதே நொடியில் மெல்லிய ஓர் ஓசை. குறுக்கே ஒரு கோடு. மூடியை இறக்கினேன். நண்பரை விரைந்து வழியனுப்பினேன். மாலையில் அவள் திறந்தபொழுது, யான் அருகே நின்று, அவளைப்போலவே திகைத்தவனாக நடித்தேன்.

அவள் அழவில்லை. முறிந்த விளிம்பை விரலால் தடவி, “கூர்மையாக இருக்கின்றது, சூடேறும்போது உடைந்திருந்தால் முனை மழுங்கியிருக்கும். ஆறும்போதுதான் உடைந்திருக்கின்றது” என்றாள். என் நெஞ்சு நின்றுவிடும் போலிருந்தது. ஆனால் அவள் என்னை ஐயுறவில்லை. தன் கணக்கையே ஐயுற்றாள். 550 பாகையளவில் நிறுத்திப் பதப்படுத்தும் நேரம் குறைந்துவிட்டது என்று முடிவு செய்து, அதைக் கூட்டிக் கூட்டிச் சிறு துண்டுகளைச் சுட்டுச் சோதிக்கலானாள். பத்து நாட்கள் இவ்வாறு கழிந்தன. காட்சிக்கோ ஐந்து கிழமைகளே எஞ்சியிருந்தன. மின்னளவி ஓடிக்கொண்டிருந்தது, தந்தையார் நாள்தோறும் அதைக் குறித்துவைத்தார்.

அந் நாட்களில் ஓரிரவு, தன்னைத் தேற்றிக்கொள்ளவோ என்னவோ, அவள் எனக்கொரு வரலாறு கூறினாள். அமெரிக்க நாட்டில் ஹார்வி லிட்டில்டன் என்னும் குயக்கலை ஆசிரியர், பேராலைகளிலன்றித் தனியொரு கலைஞர் தம் பட்டறையிலேயே கண்ணாடி உருக்க இயலும் என்று காட்ட விழைந்து, 1962 மார்ச்சில் டொலீடோ நகர அருங்காட்சியகத்தின் கொட்டகை ஒன்றில் சிலரைக் கூட்டினார். முதலில் உருக்கிய கலவை வேலைக்கு உதவவில்லை. அப்பொழுது டாமினிக் லேபினோ என்பார், கண்ணாடியிழை செய்யும் ஆலையொன்றின் ஆராய்ச்சியாளர், உலையைத் திருத்தி, தம் ஆலையில் இழைக்கு உருக்கும் கண்ணாடிக் கோலிகளை உருக்குமாறு தந்தார். அவை உருகி ஊதத் தகுந்தனவாயின. இன்று உலகெங்கும் தனிப்பட்டறைகளில் கண்ணாடி செய்வார் பலரும் அக் கொட்டகையையே தம் தொடக்கமாகக் கருதுகின்றனர். “ஆலைக்காரர் ஒருவர் கைகொடுத்தார், பார்” என்று ஆலைப் பணியாளாகிய அவள் மகிழ்ந்தாள். லிட்டில்டனின் தந்தையார் கார்னிங் கண்ணாடி நிறுவனத்து அறிவியலாளர் என்பதும், 1913-இல் அவருடைய மனைவியார் மின்கலக் கண்ணாடிச் சாடியின் அடிப்பகுதியில் கேக் சுட்டுக் காட்டியதே பைரெக்ஸ் பாத்திரங்களுக்கு வழிகோலிற்று என்பதும் அவள் வாயிலாகவே அறிந்தேன். இதனை அவள் தந்தையாரிடமும் கூறினாள். அவர் சிரித்ததை நெடுநாளைக்குப் பின் அன்று கண்டேன். எனக்கோ சிரிப்பு வரவில்லை. அவள் தோல்வி என்று எண்ணித் தேறுதல் தேடியது தோல்வியே அன்று. என் கையின் வினை.

நெஞ்சில் உள்ளதை முகம் காட்டும் என்பதற்குப் பளிங்கை உவமை கூறிய வள்ளுவர், தமக்கைமார் முகத்தைப் பாராது கண்ணாடியையே பார்த்திருப்பின் யாது நிகழும் என்று கூறினாரில்லை. பதினோராம் நாள் காலை, அவள் பணிமுறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுமுன் சொல்லிவிட்டேன்.

“அக்கா, அன்று நான்தான் திறந்தேன்.”

அவள் சற்றுநேரம் பேசாதிருந்தாள். பின்னர்ச் சாய்ப்பினுட் சென்று, ஒவ்வொரு சூட்டின் நாளும் நேரமும் பாகையும் எழுதிவரும் குறிப்பேட்டை எடுத்துவந்து அந் நாளின் பக்கத்தைப் புரட்டி, என் கையில் பேனாவைத் தந்தாள்.

“எத்தனை பாகையில் திறந்தாய்?”

“210.”

“எழுது.”

எழுதினேன். தேர்வுத்தாளிலும் என் கையெழுத்து அவ்வளவு கோணியதில்லை. அதற்குப் பின்வந்த பத்து நாட் பக்கங்களிலும் அவள் முடிவென்று எழுதியிருந்தவற்றை ஒவ்வொன்றாக அடித்தாள். சோதனைகளை மட்டும் அடிக்கவில்லை. “பழைய கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கின்றது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அக் குரலில் சினத்தினும் நிம்மதி மிகுந்திருந்ததாக எனக்குத் தோன்றியது. என் விருப்பமே அவ்வாறு கேட்கச் செய்ததோ அறியேன். அன்று முழுதும் அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் முறிந்த பலகையைச் சாக்கிற் சுற்றி, என்னையே சுத்தியலால் இடிக்கச் சொன்னாள். ஒரே கண்ணாடியாதலின் அதன் தூள் மற்றொன்றில் ஒவ்வும். புதிய ஆறாம் பலகையின் வெள்ளம், பழைய பலகையின் தூளாலேயே ஆயது. முன்னையதைவிட அது கலங்கலாயிருந்தது. வெள்ளம் கலங்கலாய்த்தானே இருக்கும் என்றாள். முன்னையதே அழகு என்பது என் கருத்து. அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை.

பின்னர் வந்த வேலைகளைச் சுருங்கச் சொல்வேன். விளிம்புகளை நீர் விட்டுத் தேய்த்தோம். கடைவீதி வெல்டிங் பட்டறையில் ஏழு இரும்புத் தாங்கிகள் செய்வித்தோம். விலை குறிப்பதே அவளுக்கு எல்லாவற்றினும் கடினமாயிற்று. தந்தையார் தம் மின்கட்டணக் கணக்கோடு வந்தமர்ந்து, கூலியையும் சேர்த்துப் போடுமாறு தாமே வற்புறுத்தினார். இதனை யாம் எதிர்பார்த்திலேம். பெயர்ச்சீட்டு எழுதும் பணி தமிழ் மாணவனாகிய எனக்கு வந்தது. அணிநயமுடைய பெயர்கள் ஏழு தெரிந்து தந்தேன். அவற்றைப் படித்துவிட்டு, ‘ஏரி, சித்திரை’, ‘ஏரி, ஐப்பசி’ என்றவாறே எழுதச் சொன்னாள். ஆறாவதற்கு ‘ஏரி, 2015’ என்பதே பெயர். சுவரில் அவள் ஒட்டிவைத்திருக்கும் படம் ஒன்றுண்டு. 2016-இல் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனத்தாரின் எதிர்கால வடிவமைப்பாளர் பரிசு பெற்ற அஞ்சலி ஸ்ரீநிவாசன் செய்த, தொட்டால் ஒளிரும் கண்ணாடி. புறப்படும் நாளில் அதையும் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

பழைய போர்வைகளில் பொதிந்து, ஊரார் ‘குட்டி யானை’ என்று வழங்கும் சிறு சுமைவண்டியில் விடியுமுன் ஏற்றினோம். ஆறு பலகைகள் பெட்டியில் அடங்கின. ஆறாவது மட்டும் தடித்துப்போய்ப் பெட்டியில் அடங்கவில்லை. அவள் அதனைப் போர்வையோடு என் மடியில் வைத்து, “பிடித்துக்கொள்” என்று சொல்லிவிட்டு முன்னே ஓட்டுநர் பக்கத்தில் சென்று அமர்ந்தாள். கோவூர் கடந்தது; கெருகம்பாக்கம் கடந்தது; சாலை குழியும் மேடுமாயிருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் யான் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, முன்னிருக்கும் சிறு சன்னல் வழியே அவள் பின்தலையைப் பார்த்தவண்ணம் இருந்தேன். போரூர் வரும்வரை அவள் ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்கவில்லை.