தென்னாட்டில் ஒரு திபெத் – 3: கைதட்டும் முற்றம்

கர்நாடகத்தின் திபெத்தியக் குடியிருப்பான பைலகுப்பேக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நம்ட்ரோலிங் பொற்கோயிலைப் பார்த்துவிட்டுக் குஷால்நகருக்குத் திரும்பிவிடுகிறார்கள். நான் மறுநாள் முழுவதையும் செரா மடத்துக்கென்றே வைத்திருந்தேன். மக்காச்சோள வயல்களைத் தாண்டி ஆட்டோ இறக்கிவிட்டது.

லாசாவுக்கு அருகே 1419-இல் எழுந்த மடத்தின் தொடர்ச்சி இது. 1959-க்குப் பிறகு திபெத்திலிருந்து தப்பி வந்த அதன் துறவிகள் முதலில் வங்கத்தின் பக்ஸாவில், பிரிட்டிஷார் காலத்துச் சிறை முகாமில் அடைந்து கிடந்தார்கள். காசநோய் பலரைக் கொண்டுபோனது. எஞ்சியவர்களில் சுமார் 300 பேர் 1970 வாக்கில் இங்கே வந்து, காடு திருத்தி, உழுதுகொண்டே படித்தார்கள். அந்தப் படிப்பு அறுபடாமல் தொடர்வதைப் பார்க்கத்தான் வந்தேன்.

எனக்குச் சுற்றிக்காட்டிய இளம் துறவி தவாங்கைச் சேர்ந்தவர். சிறுவனாக வந்தவர், இப்போது இருபதைத் தாண்டிவிட்டார். நல்ல இந்தி பேசினார். விடியுமுன் எழுந்து உரக்கப் படித்து மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு கூட்டு வழிபாடு. அங்கேயே ரொட்டியும் தேநீரும் வரிசையாக வரும். ஆசிரியரை ‘கென்-லா’ என்கிறார்கள். அவர் அறையில் பாடம். காலையும் இரவும் தர்க்கம். கெஷே பட்டம் பெற ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் அலுப்பே இல்லை.

தர்க்க முற்றத்தின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. பதில் சொல்பவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். கேட்பவர் நின்றபடி, இடக்காலை ஓங்கி மிதித்து, வலக்கையால் இடக்கையில் அறைந்து கேள்வியை வீசுகிறார். உட்கார்ந்தவர் வளவளவென்று பேச முடியாது. ‘ஒப்புக்கொள்கிறேன்’, ‘காரணம் நிலைபெறவில்லை’, ‘அப்படி எங்கும் பொருந்தாது’ என்று சில விடைகளே உண்டு. முன்னுக்குப்பின் முரணாகச் சிக்கிவிட்டால் சுற்றியிருப்பவர்கள் ‘ட்ஸா!’ என்று கூவுகிறார்கள். புதிதாகச் சேர்ந்த சிறுவர்கள் நிறங்களில் தொடங்குகிறார்கள்: நிறமாக இருப்பதெல்லாம் சிவப்பா? அப்படியானால் வெண்சங்கின் நிறம்? இந்தப் பாதையில்தான் பின்னாளில் பழைய பௌத்த அறிஞர்களான தர்மகீர்த்திக்கும் சந்திரகீர்த்திக்கும் போய்ச் சேர்கிறார்கள். கேள்வி கேட்கும் பழக்கத்தைப் பக்தியின் உள்ளேயே வைத்து வளர்க்கும் இப்படியொரு கல்வியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம் கல்லூரிகளை நினைத்து ஏக்கமாக இருந்தது.

“உங்கள் ஊர் காஞ்சிக்குப் பக்கமா?” என்று இளம் துறவி கேட்டார். தர்மகீர்த்தியின் நூல் திங்நாகரின் நூலுக்கு எழுந்த விளக்கம். திங்நாகர் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்பது அவர்கள் மரபு. நான் மணிமேகலைக் காப்பியத்தைப் பற்றிச் சொன்னேன். காஞ்சியில் அறவண அடிகள் அதன் நாயகிக்கு அளவையியல் கற்பிக்கும் காதை இருக்கிறது. பக்கம் (கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) எல்லாம் தமிழில் இருக்கின்றன என்றேன். அவர் நம்பவில்லை. உதாரணம் கேட்டார்.

“மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை இருக்கிறது” என்று தொடங்கினேன்.

“அடுக்களையைப் போல!” என்று அவரே முடித்தார்.

அவர்கள் பாடத்தில் மலைக்குப் பதில் புகை எழும் கணவாய்; அடுக்களை மட்டும் அதேதான். திபெத்துக்குப் போய் இமயத்தைத் தாண்டித் திரும்பிய அடுக்களை! எனக்கு உடம்பு சிலிர்த்தது. போலிக் காரணங்களைப் பற்றியும் அந்த நூலில் உண்டா என்று கேட்டார். பக்கப் போலி ஒன்பது, ஏதுப் போலி பதினான்கு என்றேன். அவர் விடவில்லை. புல் தரையில், பதில் சொல்பவர் உட்காரும் இடத்தைக் காட்டி, “உட்காருங்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு, மேலாடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு என் எதிரே நின்றார்.