வேனில் ஏறிய டிஷ்

ஆவணியில் தாம்பரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு வேனில் புறப்படும் நம் பங்குக் குடும்பமொன்று, வழித் தங்கல்களுக்கு எந்த டிஷ் வாங்கலாமென நம்மிடம் யோசனை கேட்டது. ஆண்டில் சில நாள்களே பயன்படுவதற்கு மாதச் சந்தா எதற்கு? 2004-இல் தூர்தர்ஷன் தொடங்கிய இலவச டிஷ் சேவைக்குக் கருவிச் செலவோடு சரி என்றோம். அதன் செயற்கைக்கோளான ஜிசாட்-15, 93.5 பாகைக் கிழக்கில் நிற்பதால், நம் பகுதியில் தட்டைத் தென்கிழக்கே நன்கு உயர்த்தி வைக்கவேண்டும். புளியமர நிழல் பயணிக்கு இதம், தட்டுக்கோ ஆகாது. வண்டி ஓடுகையில் சாதாரணத் தட்டு பயன்படாது. நிற்குமிடந்தோறும் புதிதாகத் திசை பார்த்தாக வேண்டும். மழை வலுத்தால் படமும் மறையும்.

“கைப்பேசி போதாதா?” என்றனர் இளைஞர்.

“அது ஒருத்தருக்குத்தான் சாமி, இது எல்லாருக்கும்” என்றார் பாட்டி.

டிஷ் வேனில் ஏறியது.