ஆச்சி கேட்ட கேள்விக்கு நான் சொன்ன தப்பான பதில்!

2023 பிப்ரவரி 1. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த முதல் மத்திய பட்ஜெட். காலை 11 மணிக்கு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேச ஆரம்பித்ததிலிருந்து எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. லைவ் அப்டேட் பக்கம் என் பொறுப்பு. ‘புதிய வரி முறையில் 7 லட்சம் வரை வருமான வரி இல்லை’ என்று நான் போட்ட கார்டு அன்றைக்கு அதிகம் பேர் பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் ஊரிலிருந்து ஆச்சி போன் செய்தார். திருநெல்வேலி பக்கம் கிராமம். 70 வயதைத் தாண்டியவர். மாதாமாதம் கைரேகை வைத்து முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்.

“ஏட்டி, டிவியில லட்சம் லட்சமா சொல்லுதாங்களே... எங்க பென்ஷன்ல எதாச்சும் கூட்டிருக்காங்களா?”

“அது நம்ம ஸ்டேட் கவர்மென்ட் குடுக்கிறது ஆச்சி. இது டெல்லி பட்ஜெட்” என்று அவசரமாகச் சொல்லி போனை வைத்தேன்.

அது தப்பான பதில் என்பது இரவு வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஆச்சி மாதிரி வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவர்களின் பென்ஷனில் மத்திய அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். மீதியை மாநில அரசு போடுகிறது. அந்த 200 ரூபாய் 2006-ல் நிர்ணயிக்கப்பட்டது. அப்போது நான் பால்வாடியில் இருந்தேன்!

இதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று கண்ணில்பட்டது. முந்தைய டிசம்பரில் ஜீன் ட்ரீஸ், ரீத்திகா கேரா, பிரணாப் பர்தன் உள்ளிட்ட 51 பொருளாதார அறிஞர்கள் நிதியமைச்சருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார்கள். 200 ரூபாயைக் குறைந்தது 500 ஆக்குங்கள், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கர்ப்பிணிகளுக்குச் சேரவேண்டிய உதவித்தொகையை முழுதாகக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. 2017, 2018 டிசம்பர்களில் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லிக்கும் இதே கோரிக்கையோடு கடிதங்கள் போயிருக்கின்றன. கணக்கும் எளிமையானது. 2.1 கோடி பேருக்கு மாதம் 300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் வருடத்துக்கு 7,560 கோடி ரூபாய்.

அந்தக் கடிதம் பற்றிய செய்தி டிசம்பரிலேயே ஏஜென்சி ஃபீடில் எங்களுக்கு வந்திருந்தது. ‘இதை யார் படிக்கப் போகிறார்கள்’ என்று கடந்துபோனது நான்தான். அதே வாரத்தில் தொழில் அமைப்புகளின் ‘பட்ஜெட் எதிர்பார்ப்புகள்’ என்று வந்த மெயில்களில் மூன்றை நான் பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன். தலைவரின் போட்டோ, மேற்கோள், பாயின்ட் பாயின்ட்டாகக் கோரிக்கை எல்லாம் தயாராக இருக்கும். ஐந்து நிமிட வேலை.

பட்ஜெட் பிப்ரவரி 1-ம் தேதி பிறப்பதில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நிதியமைச்சகத்திலிருந்து மற்ற அமைச்சகங்களுக்குச் சுற்றறிக்கை போகிறது. நவம்பர், டிசம்பரில் தொழில்துறை, விவசாயிகள், தொழிற்சங்கங்கள், சமூகநலத்துறை, பொருளாதார நிபுணர்கள் என்று தனித்தனியாக ஆலோசனைக் கூட்டங்கள் நடக்கின்றன. எல்லோருக்கும் கதவு திறந்திருப்பது போலத்தான் தெரியும். ஆனால், 2022 நவம்பரில் நடந்த கூட்டத்தை 10 மத்திய தொழிற்சங்கங்கள் புறக்கணித்தன. ஆன்லைனில், பேச நேரமே இல்லாமல் நடத்தினால் அது என்ன ஆலோசனை என்று கேட்டன.

கூட்டத்துக்கு வெளியிலும் பலம் வேண்டும். வருடம் முழுக்கப் புள்ளிவிவரம் சேர்க்க, டெல்லியில் அலுவலகம் நடத்த, கருத்தரங்குக்கு அமைச்சரை அழைக்க, எங்களைப் போன்றவர்களுக்கு மெயில் அனுப்ப ஆட்கள் வேண்டும். தொழில் அமைப்புகளிடம் அது இருக்கிறது. கம்பெனி வரியைக் குறையுங்கள் என்று அவை வருடக்கணக்கில் கேட்டன. 2019 செப்டம்பர் 20 அன்று அடிப்படை வரி 30 சதவிகிதத்திலிருந்து 22 ஆனது. அதற்கு பட்ஜெட் வரை காத்திருக்கவும் இல்லை. வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. முதலீடு பெருகும் என்பது அரசின் வாதம். அது சரியா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்தத் தொகைக்குப் பக்கத்தில் 7,560 கோடியை எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சாமானியர்கள் கேட்டு எதுவுமே நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவிகித வரி. பெண்கள் அமைப்புகள் கேள்வி கேட்டன, ஆன்லைன் மனுக்களில் லட்சக்கணக்கானவர்கள் கையெழுத்திட்டார்கள். அப்போது நான் பிளஸ் ஒன். ஹாஸ்டல் தோழிகளோடு நானும் கையெழுத்துப் போட்டேன். 2018 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் அந்த வரியை நீக்கியது. நாங்கள் இளைஞர்கள், கையில் போன் இருந்தது, மீடியாவும் கவனித்தது. ஆச்சிக்கு இருப்பது பட்டன் போன். அவருக்காக 51 பேர் எழுதினார்கள். அதைச் செய்தியாக்க வேண்டிய பேத்தி ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதினேன். வருமான வரி கார்டு அளவுக்கு அது ஓடவில்லை. ஆனால் கீழே ஒருவர், ‘என் அம்மாவும் இந்த பென்ஷன்தான் வாங்குகிறார். இதில் மத்திய அரசுப் பணம் இருப்பதே இன்றுதான் தெரியும்’ என்று எழுதியிருந்தார். எனக்கும் முந்தின நாள்தானே தெரியும்!

அந்த வருடம் ஆகஸ்டில் தமிழக அரசு பென்ஷனை 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆக்கியது. ஆச்சி ஊருக்கே சொல்லிச் சந்தோஷப்பட்டார். அடுத்த வருட பட்ஜெட்டிலும் மத்திய அரசின் பங்கு அதே 200 ரூபாய்தான்.

இப்போதெல்லாம் டிசம்பர் வந்தால் மெயில் பெட்டியில் இரண்டு பக்கமும் தேடுகிறேன். தொழில் அமைப்பின் அறிக்கையைப் போட்டால், அதே நாளில் தொழிற்சங்கமோ முதியோர் அமைப்போ என்ன கேட்கிறது என்று போன் போட்டு வாங்குகிறேன். பட்ஜெட்டுக்கு முன் ‘மைகவ்’ இணையதளத்தில் பொதுமக்களிடமும் கருத்து கேட்கிறார்கள். ஆச்சியின் பெயரில் நான் ஒன்று எழுதிப் போட்டேன். அதைப் படித்துக் காட்டியபோது அவர் ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்.

“எனக்கு மட்டும்னு எழுதாத ட்டி. எங்க தெருவுல ஒன்பது பேரு இருக்கோம்.”