தொண்ணூறு நிமிடக் கேசட்

புனே கேம்ப்பில் கொஞ்ச காலமாவது குப்பை கொட்டியவர் என்றால், ஈஸ்ட் ஸ்ட்ரீட்டின் மத்தியான நேரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு மணி அடித்தால் கயானி பேக்கரி கதவைச் சாத்திவிடும். ஷ்ரூஸ்பரி பிஸ்கட் கிடைக்காதவர்கள் மூன்றரை மணிவரை வேறு வேலை பார்க்க வேண்டியதுதான். வெண்ணெயும் சர்க்கரையும் வெந்த வாசனை மட்டும் தெருவை விட்டுப் போகாது. விக்டரி டாக்கீஸில் மேட்னி கூட்டம் உள்ளே போய்விட்டபின், சைக்கிள்களை மரத்தடியில் சாய்த்துவிட்டு நாங்கள் சண்டைக்கு உட்காருவோம். குயீன் சண்டை. அந்த ராக் குழுவின் நாலு பேர் போட்ட பாட்டுகளில் எது முதல், எது இரண்டாவது, எதைத் தூக்கி எறியலாம் என்று.

எண்பதுகளின் கடைசி அது. உட்காரும் இடம் ஒரு ஈரானி டீக்கடை. பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, கடையே இல்லை. சலவைக்கல் பதித்த மேசை, வளைமர நாற்காலி, பன் மஸ்காவின் வெண்ணெய் ஒட்டிக்கொண்டு வழுக்கும் சாசர். கல்லாவில் ஈரானிக் கிழவர். எங்களுக்கு அங்கிள், நாங்கள் அவருக்கு டிக்ரா, அதாவது மகன். ஒரு சிங்கிள் சாயை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், குரல் ஏறினால் மட்டும் கரண்டியால் கல்லாவைத் தட்டுவார். புனேக்காரர்களுக்கு இதெல்லாம் பரம்பரைச் சொத்து. பேட்டைப் பக்கம் போனால் ஒவ்வொரு கட்டாத் திண்ணையிலும் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து, பீம்சேன் ஜோஷியா குமார் கந்தர்வனா என்று விடிய விடியப் பேசுவார்கள். சவாய் கந்தர்வ விழா முடிந்து ஒரு மாதம்வரை அந்தப் பேச்சு ஓயாது. அதே வியாதிதான் கேம்ப்பில் எங்களைப் பிடித்திருந்தது, சாமிதான் வேறு.

நான் கிர்க்கிப் பையன். அப்பாவுக்கு ஆம்யூனிஷன் ஃபாக்டரியில் வேலை. 1869-இலிருந்து இருக்கிற ஃபாக்டரி. அதன் சங்கு ஊதுவதை வைத்து உலை வைத்த தமிழ்க் குடும்பங்கள் கிர்க்கியிலும் தாபோடியிலும் ஏராளம். வீட்டில் ராஜா பாட்டு, வெளியே மராத்தி, கேம்ப்பில் இங்கிலீஷ் பாட்டு என்று மூன்று காதோடு வளர்ந்தேன். மராத்திக்காரர்கள் தெற்கத்தி ஆள் யாரைக் கண்டாலும் 'அண்ணா' என்பார்கள். எங்கள் செட்டில் மட்டும் என் பெயர் டீக்கன். அதிகம் பேசாதவன், ஓரமாக நிற்பவன், அதனால் குயீனின் பேஸ் கிட்டார்க்காரர் ஜான் டீக்கனின் பெயர் எனக்கு. கணபதி ஊர்வலத்தில் தாஷா மேளம் அடிக்கிறவன், குயீன் டிரம்ஸ்காரரின் பெயரில் ராஜர். பல்கலைக்கழகத்தில் பிசிக்ஸ் படித்தவன் பிரையன். பாடகர் ஃப்ரெடியின் பெயரை யாருக்கும் தரவில்லை. "அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும் டிக்ரா" என்று அங்கிள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர் சொல்லக் காரணம் இருந்தது. ஃப்ரெடி மெர்க்குரி பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே நம்ம பக்கத்துப் பார்சி. ஃபரூக் புல்சாரா என்ற பெயரில் 1946-இல் ஸான்ஸிபாரில் பிறந்து, எட்டு வயதுவாக்கில் கப்பலேறி வந்து பஞ்ச்கனி செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் ஹாஸ்டல் பிள்ளையாக வளர்ந்தவர். ஃப்ரெடி என்று கூப்பிட ஆரம்பித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். 1958-இல் ஐந்து பையன்கள் சேர்ந்து ஹெக்டிக்ஸ் என்று ஒரு குழு வைத்தார்கள். ஃப்ரெடிக்குப் பியானோ; முன்னால் நின்று பாடியது இன்னொரு பையன், ப்ரூஸ் முர்ரே. டிரம்ஸ் அடித்த விக்டரி ராணா பின்னாளில் நேபாள ராணுவத்தில் ஜெனரல் ஆனார். பேஸ் வாசித்த ஃபராங் ஈரானி வேறெங்கும் போகவில்லை, இதே புனேயில் பவுன்டி ஸிஸ்லர்ஸ் ஓட்டலை நடத்தினார். ஸிஸ்லர் விலை எங்கள் ஜோபிக்கு எட்டாது. சூட்டுத்தட்டில் முட்டைக்கோஸ் இலை கருகுகிற புகையை வெளியே நின்று மோந்துவிட்டு, அந்த விரல்தான் ஃப்ரெடிக்குப் பக்கத்தில் நின்று வாசித்த விரல் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். உள்ளே போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் தைரியம் எங்களில் ஒருவனுக்கும் வந்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஸ்வார்கேட்டில் எஸ்டி பஸ் பிடித்து, வாய் ஊரைத் தாண்டி, பசர்ணி காட் ஏறி பஞ்ச்கனிக்கே போனோம். முன்னால் பத்தடிக்கு அப்பால் எல்லாம் பஞ்சு மூட்டமாக இருந்தது. பள்ளி கேட்டில் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற வாட்ச்மேன், "எந்த ஃப்ரெடி? எந்த வகுப்பு?" என்று கேட்டார். வெளியே வேர்க்கடலை வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பினோம். இன்றைக்கு அங்கே அவர் பெயரைத் தேடிப் பயணிகள் வருகிறார்களாம்.

சண்டைக்கு ஏன் அவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். கையில் காசு இல்லாததுதான். எல்லோரும் போட்டுச் சேர்த்து ஒரு டிடிகே டி-90 காலிக் கேசட் வாங்குவோம். மெயின் ஸ்ட்ரீட் சந்தில் ரெக்கார்டிங் கடை ஒன்று. பட்டியலை எழுதிக் கொடுத்தால் எல்பியிலிருந்து பதிந்து தருவார்கள். செட்டுக்கு ஒரே கேசட், முறை வைத்து ஆளுக்கு ஒரு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற 'தி ப்ராஃபெட்ஸ் சாங்' வேண்டும் என்று பிரையன் அடம் பிடித்தால், சின்னப் பாட்டு இரண்டைப் பலி கொடுக்க வேண்டும். யாருடைய இரண்டு? அங்கேதான் கரண்டி கல்லாவைத் தட்டும்.

'பொஹீமியன் ராப்சடி' போட்டியிலேயே கிடையாது. ஐந்து நிமிடம் ஐம்பத்தைந்து விநாடி, பிள்ளையார் சுழி மாதிரி முதலில் போட்டுவிட்டு மற்றதைப் பேசு என்பது விதி. நடுவில் வருகிற ஓபரா கூட்டத்தை மூன்று பேர் குரலிலேயே திரும்பத் திரும்பப் பதிந்து, டேப் தேய்ந்து வெளிச்சம் தெரியும் அளவுக்குப் போனது என்ற கதையைப் பிரையன் எங்கிருந்தோ படித்துவிட்டு வந்து சொன்னான். அன்றிலிருந்து அந்த இடம் வரும்போது எங்கள் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பைத்தியமும் சேர்ந்துகொண்டது.

பிரையனுக்குத் தனிப் பாட்டு ஒன்று உண்டு, 'தர்ட்டி நைன்'. பிரையன் மே எழுதியது. விண்வெளிக்குப் போனவர்கள் தங்களுக்கு ஒரு வருடம்தான் ஆனது என்று நினைத்துத் திரும்பினால், ஊரில் தலைமுறையே போய்விட்டிருக்கும். நார்லிகர் 1988-இல் கணேஷ்கிண்ட் வளாகத்தில் ஐயூகா வானியல் மையத்தைத் தொடங்கிய புதிது. இவன் அங்கே போய் உரை கேட்டுவிட்டு வந்து சாசரில் சாயைத் தொட்டு மேசையில் கோடு கிழித்து, காலம் எப்படிச் சுருங்கும் என்று விளக்குவான். அங்கிள் துணியோடு வந்து அந்தப் பிரபஞ்சத்தைத் துடைத்துவிட்டுப் போவார். 2007-இல் பிரையன் மே வானியற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியபோது எங்கள் பிரையன் கலிஃபோர்னியாவிலிருந்து ஒற்றை வரி மின்னஞ்சல் அனுப்பினான், தனக்கே பட்டம் கிடைத்த தோரணையில்.

ராஜருக்கு 'வீ வில் ராக் யூ' போதும். இரண்டே நிமிடம்தானே, எந்த இடுக்கிலும் செருகலாம் என்பான். ஆவணி மாதம் முட்டா ஆற்றங்கரையில் டோல் பயிற்சி நடக்கும்போது, சாயங்கால வெளிச்சத்தில் அவன் தாஷாவில் அந்தத் தாளத்தை மெல்ல நுழைப்பதைக் கேட்டிருக்கிறேன். பக்கத்து டோல்காரர் முறைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். அந்தக் கால் மிதியை லண்டன் ஸ்டுடியோவில் பழைய பலகைகள்மேல் சில பேர் மிதித்து, அதைப் பல முறை அடுக்கியிருக்கிறார்கள். எதிரொலி மாதிரிக் கேட்கக் கூடாதென்று தாமதங்களைப் பகா எண் கணக்கில் வைத்தாராம் மே. பெருங்கூட்டம் மிதிப்பதுபோல் இருக்கும். "லக்ஷ்மி ரோட்டு ஊர்வலத்துக்கு வந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவைப்பட்டிருக்காது, டீக்கன்" என்பான் ராஜர். அவன் சொன்னதில் எனக்கு இன்றும் மறுப்பில்லை.

அங்கிள் ஓட்டு எப்போதும் 'முஸ்தபா'வுக்கு. 1978-இல் வந்த ஜாஸ் ஆல்பத்தின் முதல் பாட்டு. அரபியும் என்னவோவும் கலந்து ஃப்ரெடி கூவுகிற கூவல். பாதி என்ன பாஷை என்று யாருக்கும் புரியாது. அங்கிளுக்கும் புரியாது; ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு, "இது எங்கள் வீட்டுச் சத்தம்" என்பார். மூன்று நிமிடத்தை அதற்கு ஒதுக்க எங்களில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் ஒரே ஒரு கேசட்டிலாவது போட்டிருக்கலாம்.

நான் பேசியது குறைவு. டீக்கன் எழுதிய 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்' வரும்போது மட்டும் எனக்கு வாய் திறக்கும். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனி வழியில் போய்க்கொண்டே இருக்குமே, அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தப் பாட்டின் அடிச்சரடு உடனே பிடிபட்டுவிடும். வீட்டில் போட்டால் அம்மா அடுப்படியிலிருந்து, "பாட ஆரம்பிக்கட்டும், அப்புறம் சத்தமாக வை" என்பாள். அவளுக்குப் பாட்டு ஆரம்பிக்கவே இல்லை. 1980-க்கு முன் வந்த ஆல்பங்களில் ஸிந்தஸைஸர் கிடையாது, அதற்குப்பின் வந்ததெல்லாம் தீட்டு என்று ஒரு கட்சி இருந்தது. அந்தக் கட்சிக்காரர்கள் என் பாட்டையும் 'ரேடியோ கா கா'வையும் ஒரே மூட்டையில் கட்டி வெளியே வைப்பார்கள்.

ரெக்கார்டிங் கடைக்காரர் ஒருமுறை நீளத்தைக் கணக்கிடாமல் பதிந்துவிட்டார். முதல் பக்கத்தின் கடைசியில் 'டோன்ட் ஸ்டாப் மீ நௌ' பாதியில் டக்கென்று நின்றுவிடும். சண்டைக்குப் போனோம், புதுக் கேசட் தரவில்லை. அந்தக் கேசட்டைத்தான் இரண்டு மழைக்காலம் கேட்டோம். ஜூலை ஈரத்தில் டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். ரெனால்ட்ஸ் பேனாவைப் பல்சக்கரத்தில் செருகி முழுக்கச் சுற்றி, பஞ்சால் ஒற்றி, மறுபடி சுற்றுவோம். இப்போது அந்தப் பாட்டு எந்த மாலில் ஒலித்தாலும் சரியாக அந்த வரியில் என் காது மூடிக்கொள்கிறது. அதற்கு மேல் வருவது யாரோ ஒட்டவைத்த பாட்டாகத்தான் கேட்கிறது.

1991 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனில் ஃப்ரெடி போனார். நமக்குத் திங்கள் விடிகாலை. பிபிசி சிற்றலையில் இரைச்சலோடு வந்தது செய்தி. எய்ட்ஸ் என்று தெரிவித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. புனேக் குளிர் ஆரம்பித்துவிட்ட வாரம், பால்காரர்கள் குப்பையைக் கொளுத்திக் கை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைக்குப் போனால் எல்லோரும் அங்கே இருந்தார்கள். கூப்பிட்டு யாரும் வரவில்லை. அங்கிள் சாய்க்குக் காசு வாங்கவில்லை. அந்தக் கல்லாவில் அது நடக்காத காரியம். பட்டியல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பிறகும் கொஞ்ச காலம் கூடினோம். 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பட்டியலில் எந்த இடம் என்று ஆரம்பிப்போம், முடிக்க மாட்டோம். செத்துக்கொண்டிருக்கிறவர் பாடியதை எப்படி எண்ணுக்குக் கீழ் வைப்பது? டிஷ் ஆன்டெனா வந்தது, எம்டிவி வந்தது, பாட்டுக்கு முகம் வந்துவிட்டது. சிடி வந்ததும் எதையும் வெட்ட வேண்டியதில்லை என்றாகிவிட்டது. பிரையன் விமானம் ஏறினான். ராஜர் பிம்ப்ரியில் வேலைக்குப் போனான். நான் சென்னைக்கு வந்துவிட்டேன். கஃபே நாஸ் போயிற்று, மான்னீஸ் புத்தகக் கடையை 2012-இல் மூடினார்கள். எங்கள் கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம், கீழ்த்தளத்தில் செல்போன் விற்கிறார்கள். அங்கிள் எப்போது போனார் என்றுகூட எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. 2018-இல் ஃப்ரெடி பற்றிய சினிமா வந்தபோது தியேட்டரில் பக்கத்து சீட் பையன் எல்லாப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடினான். எது பிடிக்கும் என்று கேட்டேன். "எல்லாமே, அங்கிள்" என்றான்.

கேசட் என்னிடம்தான் தங்கிவிட்டது, போடக் கருவி இல்லை. அட்டையில் மூன்று கையெழுத்து, நிறைய அடித்தல் திருத்தல். கடைசியாகப் போட்ட பட்டியலில் இரண்டாம் பக்கத்து முடிவில் மூன்று நிமிடம் மிச்சம் வைத்திருந்தோம், தீர்மானம் ஆகாமல். 'கில்லர் குயீன்' சரியாக மூன்று நிமிடம், ஃப்ரெடியுடையது. 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' எட்டு விநாடி குறைவு. டீக்கன் மனைவிக்காக எழுதி, ஃப்ரெடி தொட மறுத்த எலெக்ட்ரிக் பியானோவைத் தானே கற்று வாசித்தது. ராஜரும் பிரையனும் முன்னதுக்கு, நான் பின்னதுக்கு. அங்கிளைக் கேட்டால் முஸ்தபா என்பார், அதைக் கணக்கில் எடுக்க முடியாது. நீங்களும் அந்தத் தெருவில் சாய் குடித்தவர்தானே, உங்கள் ஓட்டு எதற்கு?