டின்னுக்குள் கலங்கல்

"கலங்கலாத்தான் இருக்கும்ண்ணா, கெட்டுப்போச்சுன்னு நெனச்சுராதீங்க." டின்களை மேசைமேல் வைத்ததும் தம்பி சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

பெங்களூரில் கூட்டம் முடிந்து ஒரு தோழரின் மாடி வீட்டில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். தம்பி மாரிக்குப்பத்தில் பிறந்தவன். தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். 2001-இல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊரின் பிள்ளைகள் எல்லோரையும் போல இவனும் விடியற்காலை ரயிலேறி பெங்களூர் வந்து போகிறான். வேலை, இந்நகரத்துச் சிறிய பீர் ஆலை ஒன்றில், டின் நிரப்பும் பிரிவில். மாதத்துக்கு இத்தனை டின் என்று ஊழியர்களுக்குத் தருவார்களாம். அதில் ஆறைத்தான் கொண்டுவந்திருந்தான். மேலே மாம்பழமும் அலையும் கண்ணாடி போட்ட குரங்கும் வரைந்திருந்தது. எங்களில் இருவர் 22 உறுதிமொழி ஏற்றவர்கள். அவர்கள் தேநீர் போட எழுந்துபோனார்கள். மற்ற மூவரும் டம்ளரை நீட்டினோம்.

ஊற்றினால் மஞ்சள் பால் மாதிரி இருக்கிறது. டம்ளருக்கு அந்தப் பக்கம் விரல் தெரியவில்லை. மணம் மாம்பழம், கமலா ஆரஞ்சு, கொஞ்சம் கொய்யா. ஆனால் உள்ளே பழம் எதுவும் போடவில்லை என்கிறான். எல்லாம் ஹாப்ஸ் என்ற பூவின் வேலையாம். அதைக் கொதிக்கும்போது போட்டால் கசப்பு இறங்கும். கொதித்து ஆறியபின், நொதிக்கும்போது, அள்ளிக் கொட்டினால் கசப்பு குறைந்து மணம் மட்டும் இறங்கும். ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பதால் கள்ளின் கொழகொழப்பு மாதிரி ஒன்று நாக்கில் நிற்கிறது. வடிகட்டுவதில்லை. இதற்குப் பெயர் ஹேஸி ஐ.பி.ஏ. உலகம் முழுக்கச் சின்ன ஆலைகள் எல்லாம் இதன் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதன் பிறப்பிடம் அமெரிக்காவில் வெர்மான்ட். அங்கே வாட்டர்பரி என்ற சிற்றூரில் 2003-இல் தொடங்கிய 'தி ஆல்கெமிஸ்ட்' என்ற மதுக்கூடத்தில் ஜான் கிம்மிக் என்பவர் 'ஹெடி டாப்பர்' என்ற கலங்கலான பீரை வடித்தார். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அந்தக் கூடத்தை அழித்தது. அதே ஊரில் அவர்கள் அப்போதுதான் கட்டி முடித்திருந்த டின் ஆலை தப்பித்தது. அடுத்த சில நாட்களிலேயே டின்னில் அடைத்த ஹெடி டாப்பர் வெளியே வந்தது. பிறகு அந்த டின்னுக்காக வேறு மாநிலங்களிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றிருக்கிறார்கள். அதுவரை பீரில் கலங்கல் என்பது பெரும்பாலும் குற்றம்; அமெரிக்கக் கடைகளில் பீர் என்றால் பொன் நிறத்தில் கண்ணாடி போலத் தெளிந்திருக்க வேண்டும். 2018-இல் அமெரிக்க மது வடிப்போர் சங்கம் இந்தக் கலங்கலை ஒரு தனி வகையாகத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பதினைந்தே ஆண்டுகளில் குற்றம் குணமாகிவிட்டது.

எங்களில் மூத்தவர் விழுப்புரத்துக்காரர். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "எங்கூர்ல இதே நெறத்துல ஒரு சட்டி வெச்சிருந்தா இந்நேரம் ஜீப் வந்திருக்கும்" என்றார். சிரித்தோம். பிறகு வெகுநேரம் பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஐ.பி.ஏ. என்றால் இந்தியா பேல் ஏல். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் போ பகுதியில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் வெள்ளைக்காரர்களுக்காக இங்கே வந்த வெளிர் நிறப் பீர்தான் அதற்கு மூத்தது. 1829-இல் சிட்னிப் பத்திரிகை விளம்பரம் ஒன்றிலேயே 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் இருக்கிறது. ஆக, துரை குடித்த சரக்குக்கு ஒரு நாட்டின் பெயர் கிடைத்துவிட்டது.

அதே காலத்தில் இங்கே விற்ற இன்னொரு சரக்குக்கும் பெயர் இருந்தது. 1886-இல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்திய அகராதியைத் திறந்து பாருங்கள். 'பறையா அராக்' என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது. வெள்ளைச் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் விற்ற, உடம்பைக் கெடுக்கிற நாட்டுச் சாராயத்துக்குப் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வழங்கிய பெயராம் அது. காய்ச்சியவர் யார், விற்று லாபம் பார்த்தவர் யார், வரி வாங்கியவர் யார் என்பது வேறு. மட்டமான சாராயத்துக்கு வைத்த பெயர் மட்டும் எங்களுடையது. தெருநாய்க்கும் பருந்துக்கும்கூட அதே பெயரைத்தான் அவர்கள் வைத்தார்கள். அதற்கான சாதிச் சொல்லை அவர்களுக்குக் கொடுத்தது இந்த ஊர்.

மதராஸில் துரைமார் வீட்டுச் சமையற்காரர், பட்லர் வேலைகளில் பெருமளவு இருந்தவர்கள் எங்கள் முன்னோர். மாட்டுக்கறியையும் மதுவையும் தொட்டால் தீட்டு என்றவர்கள் அந்த வேலைக்கு வரவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற துரையிடம் பட்லராக இருந்தவர். திருக்குறள் சுவடியை அந்தத் துரையிடம் கொடுத்து எல்லிஸ் கைக்குப் போகச் செய்தவரும் அவரே. பண்டிதர் இதை எழுதிவைத்திருக்கிறார். பேல் ஏல் புட்டியின் தக்கையை எத்தனை கந்தப்பன்கள் திருகியிருப்பார்கள்! எந்த பீர் வரலாற்றிலும் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது.

இன்றைய கதைக்கு வருவோம். கர்நாடகத்தில் 2007-இல் சாராயத்தைத் தடைசெய்தார்கள். சில ஆண்டுகள்கூட ஆகவில்லை, 2010-ஐ ஒட்டி அதே பெங்களூரில் சொந்தமாக பீர் வடித்து ஊற்றும் கூடங்கள் திறந்தன. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை; 2003 முதல் சில்லறை மதுக்கடையை அரசே நடத்துகிறது. கூலிக்காரன் குடிப்பது சமூகச் சீரழிவு, ஐ.டி. கம்பெனிக்காரர் குடிப்பது ரசனை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த வாரம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, 'இவர்கள் ஏன் குடித்தார்கள்?' அந்தத் தெருக்களில் நம் மக்கள் எத்தனை பேர், அவர்களின் கூலி என்ன, உடம்பு வலி என்ன என்று கேட்டவர்கள் சிலரே.

இப்படி எழுதுவதால் நாங்கள் குடிக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேநீரோடு திரும்பி வந்த இரண்டு தோழர்களும் எங்களை விட்டுவைக்கவில்லை. அண்ணல் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் தந்த உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. பண்டிதரும் பஞ்சசீலத்தைப் பேசிய இடமெல்லாம் கள்ளையும் சாராயத்தையும் விடச் சொன்னவர். "டாஸ்மாக் வாசல்ல நம்ம பொம்பளைங்க விளக்குமாத்தோட நிக்கிறாங்க. நீங்க இங்க மாம்பழ வாசனை புடிச்சுக்கிட்டு இருக்கீங்க" என்றார் அக்கா. அவருடைய அப்பா குடியில் போனவர். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. மூன்று டம்ளரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தன.

பேச்சை மாற்றியவன் தம்பிதான். அவனுக்கு அவன் வேலையில் பெருமை. இந்தப் பீருக்குப் பெரிய எதிரி ஆக்சிஜன் என்றான். நிரப்பும் முன் டின்னுக்குள் கரியமில வாயுவை விட்டுக் காற்றை விரட்ட வேண்டும். பிறகு நுரை பொங்கி வழியும்போதே, நுரையின் மேலேயே மூடியை வைக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் காற்று உள்ளே போகும். சில வாரத்தில் மஞ்சள், பழுப்பாகி அழுக்குத் தண்ணீர் போல ஆகிவிடும். மாம்பழம் போய் ஈர அட்டை வாசம் வரும். மூடியின் மடிப்பை அறுத்து அளந்து பார்ப்பதும் அவன் வேலை. பச்சைப் புட்டியில் வெயில் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாறும், டின்னுக்குள் ஒளியே போகாது, அதனால்தான் டின் என்றான். இவ்வளவும் சொல்லிவிட்டு, "இதுக்குப் பேரு கிராஃப்ட்டுண்ணா, கைவினை" என்று சிரித்தான்.

அந்தச் சொல்தான் எங்களைக் குத்தியது. கைவினை எங்களுக்குப் புதிதா? ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் தோலை எத்தனை நாள் போட வேண்டும், சுண்ணாம்பிலிருந்து எப்போது எடுக்க வேண்டும் என்பதைக் கையாலும் மூக்காலும் அறிந்தவர்கள் எங்கள் பெரியவர்கள். அதுவும் காலமும் நீரும் மரப்பட்டையும் சேர்ந்து செய்கிற வேலைதான். அந்த வாசனையைச் சொல்லித்தான் எங்களை ஊருக்கு வெளியே வைத்தார்கள். பறைக்குத் தோல் கட்டுகிறவரின் காது எவ்வளவு நுட்பமானது! அவரை எவரும் கலைஞர் என்று அழைத்துச் சாவுக்குக் கூப்பிட்டதில்லை. இங்கேயோ 'ஈரப் புல், பழுத்த கொய்யா' என்று வாசனையை டின்னின் மேலேயே அச்சடிக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்தச் சின்ன ஆலைகளின் முதலாளிகள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, 2020 ஜூனில், டெக்சாஸ் சான் அன்டோனியோவில் மார்கஸ் பாஸ்கர்வில் என்ற கறுப்பின வடிப்பாளர் 'பிளாக் இஸ் பியூட்டிஃபுல்' என்று ஒரு கறுப்பு பீரின் செய்முறையை எல்லோருக்கும் திறந்து விட்டார். வடித்து விற்று, கிடைப்பதைக் காவல்துறைச் சீர்திருத்தம், சட்ட உதவி போன்றவற்றுக்குக் கொடுங்கள் என்றார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சேர்ந்தன. நம் நாட்டில் இப்படி ஒன்றுக்கு எந்த ஆலை தன் டின்னைத் தரும் என்று கேட்டோம். எங்களில் ஒருவர் "நீலக் கலர்ல ஜெய்பீம் பீர் போடலாமே" என்று ஆரம்பித்தார். நான்கு பக்கமிருந்தும் அடி விழாத குறை. அந்தத் தீர்மானம் அங்கேயே தோற்றது.

ஹெடி டாப்பர் டின்னின் விளிம்பில் 'டின்னிலிருந்தே குடியுங்கள்' என்று அச்சடித்திருப்பார்கள். டம்ளரில் ஊற்றினால் மணம் பறந்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தம்பி இதைச் சொன்னபோது விழுப்புரத்து அண்ணன், தன் சிறுவயதில் டீக்கடைக் கூரையில் தங்களுக்கென்று செருகி வைத்திருந்த கொட்டாங்குச்சியைச் சொன்னார். பிறகு அது தனி டம்ளராயிற்று. வழக்கு, போராட்டம் என்று வந்தபின் கடைக்காரர் எல்லோருக்கும் காகிதக் கப் வாங்கி வைத்துவிட்டார். "டம்ளரை ஒண்ணாக்கச் சொன்னோம். அவன் டம்ளரையே ஒழிச்சுட்டான்" என்றார்.

புறப்படும்போது தம்பி காலி டின்களை மிதித்துத் தட்டையாக்கிப் பையில் போட்டுக்கொண்டான். கீழே முனையில் குப்பை பொறுக்கும் ஒரு அக்கா இருக்கிறார், திருவண்ணாமலைப் பக்கம், அவருக்குத்தான் தினமும் கொடுப்பானாம். ஒரு டின் 15 கிராம் அளவுதான் வரும். ஒரு கிலோ சேர அறுபது, எழுபது டின் வேண்டும். ஆறு டின்னை வாங்கிய அக்கா, குரங்குப் படத்தைத் திருப்பிப் பார்த்து, "இது என்ன ஜூஸுப்பா, இந்த வாசன வாசிக்குது?" என்றார். தம்பி எங்களைப் பார்த்தான். "மாம்பழம்க்கா" என்றான்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவன் அம்மா மாரிக்குப்பத்தில் ஞாயிறுதோறும் விகாரைக்குப் போகிறவர். மகன் ஏதோ குளிர்பானக் கம்பெனியில் இருப்பதாகத்தான் அவருக்குத் தெரியும். ஸ்டேஷன் வாசலில் இறங்கிப் பெட்டிக்கடையில் ஏலக்காய் கேட்டு வாங்கினான். நாங்களும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம்.