பாரம்

ஆங்கிலத்தில் வடிவத்தைக் குறிக்கும் ‘பார்ம்’ என்னும் சொல் பல வேடம் புனைவது. காட்டுமுயல் படுத்துப் புல்லில் பதிந்த பள்ளமும் ‘பார்ம்’. பழைய இங்கிலாந்துப் பள்ளிகளில் மாணவர் அமர்ந்த நீள்பலகையும் ‘பார்ம்’. பலகையின் பெயரே வகுப்புக்கும் ஆயிற்று என்பர்.

மலாய்மொழி, நிரப்பும் தாளைப் ‘போராங்’ என்றும் இடைநிலைப்பள்ளி வகுப்பைத் ‘திங்காத்தான்’ என்றும் பிரித்துரைக்கும். நாமோ இரண்டையும் ‘படிவம்’ என்றே எழுதுகிறோம். தோட்டத்து மக்கள் நாவில் இரண்டும் ‘பாரம்’. சுமைக்கும் அதுவே பெயர், பொருத்தந்தான்!

தமிழ்ப்பள்ளி மாணவர் பலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்ற பின்னரே பாரம் ஒன்றுக்குச் சென்றனர். 1978-இல் நான் அவ்வகுப்பை எய்தியபோது, பாடநூல்களை இரவலாகப் பெற ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. தந்தையின் மாத வருமானத்திற்கு அதில் ஒரே ஒரு கட்டம். மழை பெய்தால் மரம் சீவ இயலாது, கூலி குறையும்.

“எந்த மாதத்தை எழுதுவது, ஐயா?” என்று என் தந்தையார் கிராணியாரை வினவினார்.

கிராணியார் சற்று நேரம் பேனாவைத் திறந்தபடியே இருந்தார். பின்னர் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவரச் செய்து, கூட்டி, மூன்றால் வகுத்து எழுதினார். தந்தையார் கீழே பெருவிரல் ரேகை வைத்தார். நூல்கள் கிடைத்தன.